இரண்டு மருத்துவக் கல்லூரிகளும் அழைத்தபோது நான் பார்த்த வார்டுகள்

மருத்துவம் படிக்க வேண்டும் என்று பள்ளி நாள்களிலிருந்து விரும்பிய எனக்கு, அந்த ஆண்டு இரண்டு கல்லூரிகள் இடம் தந்தன. எவருடைய பட்டியலை எடுத்தாலும் இரண்டும் முன்வரிசையில் இருக்கும். ஓரிடம்கூடக் கிடைக்காமல் மறுபடியும் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த தோழிகளிடம் இதை ஒரு சிக்கல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயினும் அது சிக்கலாகத்தான் இருந்தது. முடிவைத் தெரிவிக்க மூன்று வாரங்கள் அவகாசம் தரப்பட்டிருந்தது. அதில் முதல் இரண்டு வாரங்கள் தரவரிசைகளைப் புரட்டுவதிலேயே கழிந்துபோயின. இன்று வார்டில் மாணவர்களுக்குக் கற்பிக்கும் நிலையில் இருக்கும் என்னிடம், ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைக் காலத்தில் யாராவது ஒருவர் அதே தவிப்புடன் வருகிறார். அவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லிவருவதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் கல்லூரி மிகப் பழையது. ஆய்வுக்கூடங்களுக்குப் பேர்போனது, பேராசிரியர்களின் பெயர்களை நான் பாடநூல்களின் அட்டையிலேயே பார்த்திருந்தேன். இரண்டாவது அதைவிட வயதில் இளையது. ஆண்டுக்கு அது சேர்த்துக்கொள்ளும் மாணவர்களின் எண்ணிக்கை முதல் கல்லூரியில் பாதிக்கும் குறைவு. உறவினர்களில் பெரும்பாலோர் முதல் கல்லூரியையே சொன்னார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் எந்தக் கதவும் திறக்கும் என்றார் மாமா. அவர் அன்பினால்தான் சொன்னார். அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது.

தரவரிசைகள் எதை அளக்கின்றன என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. உதாரணமாக, க்யூ.எஸ். நிறுவனத்தின் மருத்துவத் தரவரிசை, கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயர், வேலை தருபவர்களிடையே உள்ள நற்பெயர், ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பது போன்றவற்றையே பெரிதும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆய்வில் ஒரு நிறுவனம் எவ்வளவு வலுவானது என்பதை அறிய இவை உதவும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஸ்டெதஸ்கோப்பை நோயாளியின் மார்பில் சரியான இடத்தில் வைக்கிறாளா என்று பார்க்க அங்கே யாராவது இருக்கிறார்களா என்பதை இவற்றில் எதுவும் சொல்வதில்லை. 2023 ஜனவரியில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி, அமெரிக்காவின் யு.எஸ். நியூஸ் இதழ் வெளியிடும் தரவரிசைக்கு இனித் தன் விவரங்களை அனுப்பப் போவதில்லை என்று அறிவித்தது. ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா உள்ளிட்ட வேறு சில கல்லூரிகளும் அதே வழியில் சென்றன. 2024இல் அந்தத் தரவரிசையே மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் கொடுப்பதை விட்டுவிட்டு, அவற்றைச் சில அடுக்குகளாக மட்டும் பிரித்துக் காட்டத் தொடங்கியது. பட்டியலில் முதலிடத்தில் இருந்து பழகிய கல்லூரிகளே அந்தப் பட்டியலிலிருந்து விலகிக்கொண்ட செய்தியை வாசித்தபோது, எண்களோடு நான் வீணாக்கிய அந்த இரண்டு வாரங்கள்தான் நினைவுக்கு வந்தன.

என் இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே இருந்த உண்மையான வேறுபாடு, பாடத்திட்டத்தில் தொடங்கியது. அதன் வேர் நூறாண்டுகளுக்கும் முந்தையது. ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர் (அவர் மருத்துவர் அல்லர்) அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி 1910இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்லூரியை முன்மாதிரியாகக் கொண்ட அந்த அறிக்கைக்குப் பின், முதலில் அடிப்படை அறிவியல், பிறகு மருத்துவமனை என்ற வரிசை வேரூன்றியது. அதாவது உடற்கூறியலையும் உடலியங்கியலையும் உயிர்வேதியியலையும் முடித்த பின்னரே மாணவர் நோயாளியிடம் வந்து சேர்வார். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தன் முதல் மருத்துவ மாணவர்களைச் சேர்த்தபோது இந்த வரிசையை மாற்றிப் பார்த்தது. சிறு குழுவாக அமர்ந்த மாணவர்கள், ஒரு நோயாளியின் பிரச்சினையை முன்வைத்து, அதற்குத் தேவையான அறிவியலைத் தாங்களே தேடிப் படித்தார்கள். என்னை அழைத்த பழைய கல்லூரி பெரும்பாலும் முதல் வழியில் நின்றது. இளைய கல்லூரியில் முதல் ஆண்டின் முதல் மாதத்திலேயே மாணவர்கள் வாரத்தில் ஒரு நாள் வார்டுக்குச் சென்றார்கள்.

இதில் ஒரு முறை மேலானது, மற்றது தாழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு வழிகளிலும் படித்த மிகச் சிறந்த மருத்துவர்களோடு பணியாற்றியிருக்கிறேன். பாடத்திட்டம் அச்சில் எப்படி இருக்கிறது என்பதைவிட, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் மாணவர் எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார் என்பதே முக்கியம். அதைப் பார்க்காமல் முடிவெடுக்கக்கூடாது என்று தோன்றியதால், மூன்றாவது வாரத்தில் இரண்டு கல்லூரிகளுக்கும் கடிதம் எழுதி, சேர்க்கை நாள் விழாவுக்கு அல்லாமல், வழக்கமான ஒரு வேலை நாளில் வந்து பார்க்க அனுமதி கேட்டேன். இரண்டு இடங்களிலும் அனுமதி கிடைத்தது.

பழைய கல்லூரியில் நான் கலந்துகொண்ட வார்டு ரவுண்ட்ஸ் மறக்க முடியாதது. புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவர், மூச்சுத்திணறலோடு வந்திருந்த நோயாளியின் கழுத்துச் சிரை (இதயத்துக்கு இரத்தம் திரும்பும் குழாய்) எழுந்து தாழ்வதைச் சுட்டிக்காட்டி, இதயத்தின் வலப்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று விளக்கினார். அவ்வளவு தெளிவான விளக்கத்தை அதற்குப் பிறகு நான் கேட்டதேயில்லை. ஆனால் கட்டிலைச் சுற்றி ஏறத்தாழ இருபத்தைந்து பேர் நின்றிருந்தார்கள். முன்வரிசையில் மேற்படிப்பு மருத்துவர்கள், அவர்களுக்குப் பின்னால் பயிற்சி மருத்துவர்கள், அதற்கும் பின்னால் மாணவர்கள். என் பக்கத்தில் நின்ற மாணவர் குரலை மட்டும் கேட்டுக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவரின் வெள்ளைக் கோட்டின் முதுகுதான். அந்தக் கழுத்துச் சிரையை அவர் பார்த்தாரா என்று ரவுண்ட்ஸ் முடிந்ததும் கேட்டேன். மாலையில் தனியாக வந்து பார்த்துக்கொள்வேன் என்றார். மாலையில் வந்து பார்க்கும் உறுதி உள்ள மாணவருக்கு அந்தக் கல்லூரி ஒரு பொக்கிஷம். அதை நான் முழு மனத்தோடு சொல்கிறேன்.

இளைய கல்லூரியின் வார்டில் ஆறு மாணவர்கள் இருந்தார்கள். அங்கே ஓர் இரண்டாம் ஆண்டு மாணவி, நோயாளியிடம் அனுமதி கேட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அவர் வயிற்றைத் தொட்டுப் பரிசோதித்தாள். மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க, இடது விலா விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல்களை வைத்து அழுத்தினாள். எதுவும் தட்டுப்படவில்லை என்றாள். ஆசிரியர் மறுத்துப் பேசவில்லை. "எங்கிருந்து தொடங்கினாய் அம்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் இடத்தைக் காட்டினாள். "வலது அடிவயிற்றிலிருந்து தொடங்கு. அவர் மூச்சை இழுக்கும்போது உறுப்பு உன் விரலைத் தேடி வரட்டும்" என்றார். அவள் மீண்டும் தொடங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் கையைச் சிறிது சிறிதாக மேலே, இடப்பக்கமாக நகர்த்தினாள். தொப்புளுக்கு அருகிலேயே அவள் கை நின்றுவிட்டது. மண்ணீரல் வீங்கும்போது வலது அடிவயிற்றை நோக்கிச் சரிந்து வளரும். மிகப் பெரிதாக வீங்கிய மண்ணீரலை விலாவுக்கு அடியில் தேடினால், கை அதன் மேலேயே இருக்கும், விளிம்பு அகப்படாது. அந்த மாணவியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். நோயாளியும் பார்த்தார்; "கண்டுபிடித்துவிட்டாயா?" என்று சிரித்தபடி கேட்டார். இதைப் புத்தகத்தில் நூறு முறை வாசிக்கலாம். ஆனால் தவறான இடத்தில் வைத்த கையை, அதே நிமிடத்தில், நோயாளியின் முன்னிலையில், அவமானப்படுத்தாமல் திருத்தும் ஒருவர் அருகில் இருந்தால்தான் அது கையில் தங்கும்.

ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மாணவர்களை வார்டுக்குள் அழைத்துவந்து அவர்களுக்குப் பொறுப்புகளைக் கொடுத்த வில்லியம் ஆஸ்லர், தாம் வார்டில் மாணவர்களுக்குக் கற்பித்தவர் என்பதைத் தவிரத் தம் கல்லறையில் வேறு வாசகம் வேண்டாம் என்று சொன்னார். அவர் எழுதிய மருத்துவ நூல் தலைமுறைகளைக் கடந்து படிக்கப்பட்டது. அவர் வகித்த பதவிகளும் ஏராளம். அவற்றையெல்லாம் விட்டு, இதை மட்டும் அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது அன்று அந்தக் கட்டிலருகே எனக்குப் புரிந்தது.

எனவே என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, இறுதியாண்டு மாணவர்களைத் தனியாகச் சந்தித்துக் கேளுங்கள் என்பதே. கல்லூரி பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். சென்ற வாரம் எத்தனை நோயாளிகளிடம் நீங்களே முழுமையாக நோய் வரலாறு கேட்டீர்கள், நீங்கள் பரிசோதித்ததை யார் சரிபார்த்தார், ஒரு கட்டிலுக்கு எத்தனை மாணவர்கள், இரவுப் பணியில் உங்களை உள்ளே விடுவார்களா என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் யோசிக்கும் நேரத்திலேயே பாதி விடை இருக்கும்.

அதைவிடக் கடினமான ஒரு கேள்வி உண்டு. உங்கள் பேட்ச்சில் தேர்வில் தோற்றவர், அல்லது மனம் உடைந்து சில வாரங்கள் வராமல் போனவர், இப்போது எங்கே இருக்கிறார்? இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான தொகுப்பாய்வு, நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அவர்களில் 27.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன; அப்படிக் கண்டறியப்பட்டவர்களில் சிகிச்சையை நாடியவர்கள் 15.7 விழுக்காட்டினர் மட்டுமே. மிகச் சிறந்த மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரியில், முதன்முறையாக வாழ்க்கையில் தோற்கும் மாணவர்களும் அதிகம். விழுந்தவரை அந்தக் கல்லூரி எப்படி நடத்துகிறது என்பது அதன் விளம்பர ஏட்டில் இருக்காது. நான் சென்றபோது ஓரிடத்தில் இந்தக் கேள்விக்கு, "அவர் எங்களோடு இல்லை" என்ற பதில் கிடைத்தது. மற்றோரிடத்தில் அந்த மாணவரையே கூப்பிட்டு என்னிடம் பேசவைத்தார்கள். ஓராண்டு பின்தங்கியிருந்தாலும், நல்ல தெளிவோடு பேசினார்.

மதிப்பெண் முறையையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். முதல் ஆண்டுகளில் தரவரிசை இல்லாமல், தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை என்று மட்டும் முடிவு சொல்லும் கல்லூரிகளில் மாணவர்கள் குறிப்புகளை மறைத்து வைத்துக்கொள்வதில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இம்முறைக்கு மாறியபோது மாணவர்களின் மனநலன் மேம்பட்டது, கல்வித் தரம் குறையவில்லை என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் மருத்துவராகப் பணியாற்ற எழுத வேண்டிய உரிமத் தேர்வின் முதற்படியும் 2022 ஜனவரியிலிருந்து, மதிப்பெண் இல்லாமல், தேர்ச்சியா இல்லையா என்பதை மட்டுமே அறிவிக்கிறது.

செலவைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. இரண்டு இடங்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால், குறைந்த கடனோடு வெளிவரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கடன் சுமை பின்னாளில் எந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதையே வளைத்துவிடும். எனக்கு அந்த வேறுபாடு சிறியதாகவே இருந்தது.

நான் இளைய கல்லூரியைத் தேர்ந்தெடுத்தேன். அதனால் இழந்ததையும் சொல்லியாக வேண்டும். எங்கள் கல்லூரியில் ஆய்வுக்கு ஊக்கம் இருந்தது, ஆய்வுக்கூடம் இல்லை. பழைய கல்லூரியில் படித்த என் வயதினர் மூன்றாம் ஆண்டிலேயே கட்டுரைகளில் பெயர் பெற்றிருந்தார்கள். புள்ளியியலையும் ஆய்வு வடிவமைப்பையும் நான் முப்பது வயதுக்கு மேல், இரவுப் பணிகளுக்கு இடையே, அடிப்படையிலிருந்து கற்றுக்கொண்டேன். மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது, மாமா சொன்ன அந்தக் கதவுகளில் ஒன்றிரண்டு எனக்குத் திறக்கவில்லை என்பதும் உண்மை. ஆய்வே தன் வாழ்க்கை என்று இப்போதே உறுதியாகத் தெரிந்த மாணவர் என்னிடம் வந்தால், நான் விட்டுவந்த கல்லூரிக்கே அவரை அனுப்புவேன். எனக்கு நோயாளியின் பக்கத்தில் இருக்கவே விருப்பம் என்பது, அந்த மாணவியின் கை நகர்வதைப் பார்த்த பின்னர்தான் எனக்கே தெரிந்தது.

கடைசியாக ஒன்று. முடிவெடுத்த பின்னும் பலர் மற்ற இடத்தைக் கடைசி நாள்வரை கையில் வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நாம் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒருவர் தூங்காமல் கழிக்கும் நாள். வார்டிலிருந்து திரும்பிய அன்றிரவே நான் பழைய கல்லூரிக்கு நன்றி சொல்லி, இடம் வேண்டாம் என்று எழுதினேன். அந்த இடம் வேறொரு மாணவிக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று நான்கு நாள்களில் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.