பிரெசிடியோ புல்வெளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

டடக் டடக்கென்று கொத்துச் சத்தம். மதுரைக்காரன் காதுக்கு அது தப்பாது. ஆனால் நான் நின்றது சான் பிரான்சிஸ்கோவின் பிரெசிடியோ பூங்காவில், 2019 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா மகள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தம் வந்த திசையில் நடந்தேன்.

ஃபுட் டிரக் என்கிற நடமாடும் சாப்பாட்டு வண்டிகள் கூடி நிற்கும் ஞாயிறு பிக்னிக் திருவிழா அது. சத்தம் வந்தது அதில் ஒரு வண்டியிலிருந்து. ஜன்னலுக்கு உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், காய்ந்த கல்லில் கோழிக்கறியையும் வெங்காயத்தையும் இரண்டு தட்டைக் கரண்டிகளால் கொத்திக்கொண்டிருந்தார். கல்லில் ஒட்டிய கறியைச் சுரண்டிச் சுரண்டிப் புரட்டினார். கறியின் ஓரங்கள் முறுகிக் கருத்ததும் மேலே கலமான்சி என்கிற குட்டி எலுமிச்சைச் சாறு. அது பிலிப்பைன்ஸ் நாட்டுச் சிசிக். அவருடைய அம்மாவுக்கு ஊர் அந்த நாட்டின் பம்பாங்கா மாகாணமாம். அங்கே பன்றித் தலைக்கறியில்தான் செய்வார்கள், இங்கே வருகிறவர்களுக்காகக் கோழியிலும் டோஃபு என்கிற சோயா பனீரிலும் செய்கிறோம் என்றார். எங்கள் ஊரிலும் இதே சத்தத்தில் பரோட்டாவைக் கொத்துவார்கள் என்று சொன்னேன். நான்கு கேள்வி கேட்டார். முட்டை எப்போது உடைத்து ஊற்றுவீர்கள், சால்னா கொத்தும்போதே போடுவதா, தனியாகத் தருவதா என்று. பின்னால் நின்றவர்கள் பொறுமையாக இருந்ததற்கு அவர்களுக்கு நன்றி.

எனக்கு இந்தத் திருவிழாவில் பிடித்ததே இதுதான். சமைக்கிறவர் முகம் தெரிகிறது. அடுப்பு ஒருபக்கம், ஆர்டர் எடுக்கிறவர் ஒருபக்கம் என்று கதவு போட்டுப் பிரிக்காத சாப்பாடு. நம்மூர்க் கையேந்தி பவனில் இட்லி ஊற்றுகிற அக்காவிடம் பேசிக்கொண்டே சாப்பிட்டவர்களுக்கு இந்த ருசி தெரியும்.

இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பிரெசிடியோ 1776-ல் ஸ்பானியர்கள் அமைத்த ராணுவக் கோட்டை. பிறகு மெக்சிகோ, அப்புறம் அமெரிக்கா என்று கொடி மாறினாலும், 1994 வரை ராணுவம் அங்கேதான் இருந்தது. அந்த ஆண்டுதான் சுமார் 1,500 ஏக்கரும் பொதுமக்களுக்கான பூங்காவானது. நாங்கள் உட்கார்ந்த ஏழு ஏக்கர் புல்வெளி, சிப்பாய்கள் அணிவகுத்த மைதானம். இடையில் பல காலம் தார் போட்ட கார் நிறுத்துமிடமாகக் கிடந்ததாம். அதைப் பெயர்த்துப் புல் வளர்த்திருக்கிறார்கள். கார் நிறுத்துமிடத்தைப் புல்லாக்கிய ஒரு நகரத்தைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு பக்கம் 1890-களில் கட்டிய செங்கல் படைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. அதில் ஒன்றில் இப்போது வால்ட் டிஸ்னியின் குடும்ப அருங்காட்சியகம். காற்று திரும்பினால் தைல மர வாசனை. ராணுவம் 1880-களில் மணல் மேடுகளில் மரம் நடத் தொடங்கியபோது தைல மரத்தையும் நட்டதாம். கண்ணை மூடினால் ஊட்டி.

வளைகுடாவின் மறுபக்கத்து ஃப்ரீமான்ட் ஊரிலிருந்து பார்ட் என்கிற மின்சார ரயில், சான் பிரான்சிஸ்கோவின் எம்பார்கடேரோ நிலையத்தில் இறங்கினால் பூங்காவின் இலவசப் பேருந்து. கார் வேண்டியதில்லை.

அக்கா ஒரு பவானி ஜமக்காளம் கொண்டுவந்திருந்தாள். சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட அந்த ஜமக்காளத்தைப் புல்லில் விரித்ததும் பக்கத்துக் குடும்பம் இரண்டு முறை விசாரித்துவிட்டது. எந்த வண்டியில் என்ன வாங்குவது என்று எங்களுக்குள் பெரிய விவாதம். அக்கா மகளுக்கு ஒன்பது வயது. அவள்தான் தீர்த்து வைத்தாள்.

“மாமா, ஆளுக்கொரு வரிசையில நிக்கலாம். அம்மா மட்டும் எடம் பாத்துக்கட்டும்.”

அப்படியே செய்தோம். அத்தான் போன வண்டியில் நாற்பது நிமிடம் நின்று ஜன்னலுக்குப் போனபோது, மெக்சிகோ ரொட்டியில் மீனை வைத்து மடித்துத் தரும் மீன் டாக்கோ தீர்ந்துவிட்டது என்றார்கள். முதலிலேயே ஒரு அட்டையில் எழுதி மாட்டியிருக்கலாம். பசியோடு நிற்கிறவர்களுக்கு அந்த மரியாதை வேண்டும். விலையும் குறைவில்லை, அன்றைக்கே ஒரு தட்டு பன்னிரண்டு, பதினான்கு டாலர். நான்கு பேர் வயிறார வாங்கினால் கணக்கு எகிறிவிடும். வாங்கியதை நடுவில் வைத்துப் பங்கிட்டோம். ஆவியில் வெந்த சீன பாவ் ரொட்டியைப் பிட்டால் நம் இட்லியைவிட மெத்தென்று இருக்கிறது, மெல்லிய இனிப்போடு. உள்ளே ஊறுகாய் போட்ட முள்ளங்கி நறுக்கென்று கடிபட்டது. அக்கா சைவம். டோஃபு சிசிக்கைச் சோற்றோடு கலந்து சாப்பிட்டுவிட்டு, வீட்டில் செய்து பார்க்கிறேன் என்று கலமான்சி எங்கே கிடைக்கும் எனக் கைபேசியில் தேட ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிறு பிக்னிக்கை அப்போது நடத்தியது ஆஃப் த கிரிட் என்ற அமைப்பு. மாட் கோஹன் என்பவர் 2010-ல் பக்கத்திலுள்ள ஃபோர்ட் மேசனில் வெள்ளிக்கிழமை இரவுகளில் வண்டிகளை ஒன்றுசேர்த்துத் தொடங்கியது. அதற்கு ஒன்றரை வருடம் முன்பு, 2008 கடைசியில், லாஸ் ஏஞ்சலிஸில் ராய் சோய் கொரிய மாட்டிறைச்சியை மெக்சிகோ டாக்கோவில் வைத்து கோகி என்ற வண்டியில் விற்றார். வண்டி இன்று எங்கே நிற்கும் என்பதை ட்விட்டரில் சொல்ல, கூட்டம் பின்னாலேயே ஓடியது. பொருளாதாரம் சரிந்திருந்த நேரம். கடை வாடகைக்கு வழியில்லாத பல சமையல்காரர்கள் வண்டிக்கு மாறினார்கள். ஆனால் இதையெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்பாது. ராவுல் மார்ட்டினெஸ் என்பவர் 1974-லேயே கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் ஐஸ்கிரீம் வண்டியை டாக்கோ வண்டியாக்கினார். அவரைப் போன்ற மெக்சிகோக்காரர்கள் போட்ட பாதை இது.

வண்டி என்றால் செலவில்லை என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு வண்டியும் அனுமதி பெற்ற ஒரு பொதுச் சமையல்கூடத்தோடு இணைந்திருக்க வேண்டும். நல்ல தண்ணீர் நிரப்புவதும், கழிவுநீரை இறக்குவதும், கழுவுவதும் அங்கேதான். சிசிக் வண்டிக்காரர் விடியற்காலையில் அங்கே போய்விட்டாராம். பதினோரு மணிக்கு நாம் பார்க்கும் ஜன்னல் அவருக்கு நாளின் பாதி.

மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் ஏறி வந்தது. ஜூலை மாதம் என்று நம்பி மெல்லிய சட்டையோடு போயிருந்தேன், அத்தான் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். நீங்கள் போனால் கோடையிலும் கம்பளி எடுத்துப் போங்கள். பாட்டுக் கச்சேரி நின்றது. குழந்தைகள் மட்டும் புல்லில் உருண்டுகொண்டே இருந்தார்கள்.

நான்கு மணிக்கு ஜன்னல் பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஜமக்காளத்தை உதறி மடித்துக்கொண்டு பேருந்துக்கு நடக்கும்போது, சிசிக் வண்டியின் பின்படியில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தட்டு. வெள்ளைச் சோறு, ஒரு முட்டைப் பொரியல், அவ்வளவுதான். அக்கா மகள் கையசைத்தாள். வாய் நிறையச் சோறு, அதனால் பேசாமல் கரண்டியை உயர்த்திக் காட்டினார்.