அமராவதியில் அப்பாவுக்கு ஒரு தானம்

போன நவம்பரில் அப்பாவின் வருஷத் திதியன்று, புளியோதரைத் தூக்கைச் சுமந்துகொண்டு லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் அமராவதி பௌத்த மடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு இருபது. நண்பகல் தாண்டினால் பிக்குகள் சாப்பிட மாட்டார்கள். மறுநாள் விடிந்த பிறகுதான் அடுத்த வேளை. விடியற்காலை எழுந்து புளிக்காய்ச்சல் காய்ச்சியிருந்தேன். அந்த வாசலில் எனக்கு அழுகைதான் வந்தது.

ரயிலில் ஒரு குறையும் இல்லை. யூஸ்டனிலிருந்து ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் அரை மணி நேரம். அங்கிருந்து மடம் வரை வயல்வெளிதான், டாக்ஸியை விட்டால் வழியில்லை. முதல் நாளே பத்து மணிக்குச் சொல்லிவைத்திருந்தேன். வரவில்லை. போன் செய்தால் ஐந்து நிமிடம் என்றார்கள். மறுபடி செய்தேன், மறுபடியும் ஐந்து நிமிடம். நான்காவது தடவை, அப்படி ஒரு பதிவே இல்லை என்று வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, ஸ்டாண்டில் வேறு வண்டியும் கிடையாது. இரண்டு மணி நேரம் குளிரில் நின்றேன். தயவுசெய்து சொன்ன வாக்கை மட்டும் நம்பி நிற்காதீர்கள், பதிவை உறுதிசெய்து போனுக்கு மெசேஜ் வந்ததா என்று பாருங்கள். தெரிந்தவர் கார் இருந்தால் இன்னும் நல்லது.

அஜான் சுமேதோ என்ற பௌத்தத் துறவி 1984இல் தொடங்கிய மடம் இது. இரண்டாம் உலகப் போரின்போது நகரத்துப் பிள்ளைகளைத் தங்கவைக்கக் கட்டிய மரக் கொட்டகைகள்தான் இன்றும் பல கட்டடங்கள். சமையலறையைத் தேடிப் போனேன். அங்கே பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த ஆங்கிலேயப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இன்னும் யார் கையிலும் கொடுக்கவில்லையே?"

அதில்தான் விஷயமே இருக்கிறது. பிக்கு கையில் கொடுத்துவிட்ட சாப்பாட்டை அவர் மறுநாளுக்கு எடுத்துவைக்கக் கூடாது, அது விநயம் என்கிற துறவிகளின் ஒழுக்க நெறியில் உள்ள விதி. கொடுக்காத சாப்பாடு இன்னும் நம்முடையது. ஃப்ரிட்ஜில் வைத்திருந்து காலையில் தொண்டர்கள் கொடுக்கலாம். புளியோதரை தாங்கும். நல்லவேளை, தயிர்சாதம் கட்டவில்லை.

பையில் ஒரு தேன் பாட்டிலும் இருந்தது. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், சர்க்கரை இவை மருந்துக் கணக்கில் சேரும். உச்சி சாய்ந்த பிறகும் துறவிகள் வாங்கிக்கொள்ளலாம், ஏழு நாள் வைத்துக்கொள்ளலாம். பழுப்பு அங்கி போட்ட ஒரு சீலதரா அம்மாவை, அதாவது அந்த மடத்துப் பெண் துறவியை, அழைத்து வந்தார்கள். அவர் இரண்டு கையாலும் பாட்டிலை வாங்கிக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார். அப்பா பெயரைக் கேட்டார். சொன்னேன். திதி முழுக்கத் தவறவில்லை என்று அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனாலும் மனசு ஆறவில்லை. அடுத்த ஞாயிறு தோழியின் காரில் பத்து மணிக்கெல்லாம் போய்விட்டோம். இந்தத் தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெண்கள் கவனிக்க: பிக்குவின் கையில் நேராகக் கொடுக்கக் கூடாது. அவர் முன்னால் ஒரு துணியை விரிப்பார், அதன்மேல் வைக்க வேண்டும். பெண் துறவிகளிடம் கையிலேயே கொடுக்கலாம். துறவிகள் யாரும் பணத்தைத் தொட மாட்டார்கள், கவரை நீட்டிவிடாதீர்கள். தங்க நினைப்பவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை கேட்டு எழுத வேண்டாம், அது அவர்களுடைய பனிக்காலத் தனிமை. தியான முகாம் நடக்கும் பகுதியும் தனி, அதற்குத் தனியாகப் பதிய வேண்டும். அங்கே மௌனம். நம் தூக்குச் சத்தத்தோடு அந்தப் பக்கம் நுழையக் கூடாது.

பிறகு பாலி மொழியில் ஓதினார்கள். ஆறுகள் நிறைந்து கடலை நிரப்புவதுபோல இங்கே கொடுத்தது இறந்தவர்களைச் சென்றடையட்டும் என்று பொருள். ஓதும்போதே பக்கத்திலிருந்த தாய்லாந்துக் குடும்பம் சின்னச் செம்பிலிருந்து கிண்ணத்தில் தண்ணீரை விட்டது. அந்தப் பாட்டி என் கையிலும் ஒரு செம்பைக் கொடுத்தார். எள் இல்லை, தர்ப்பை இல்லை. ஓதி முடியும்வரை தாரை அறாமல் விட வேண்டுமாம். கை நடுங்கியது, ஆனாலும் அறாமல் விட்டேன்.

கிண்ணத்துத் தண்ணீரை வெளியே மரத்தடியில் ஊற்றச் சொன்னார் பாட்டி. ஊற்றிவிட்டு, காலித் தூக்கை எடுத்துக்கொண்டு காருக்கு நடந்தேன்.