விழித்திரையின் ஓரம் வரை

ஜூலை 5

பிறந்து மூன்று நாள். 30 வாரக் கர்ப்பத்திலேயே மகள் வந்துவிட்டாள். எடை 1,280 கிராம். மூக்கில் ஆக்சிஜன் குழாய். மானிட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் 95-ஐத் தாண்டினால் சிஸ்டர் ஓடி வந்து ஆக்சிஜனைக் குறைக்கிறார். "நூறு வந்தா நல்லதுதானே சிஸ்டர்?" என்றேன். "கண்ணுக்கு ஆகாதும்மா" என்றார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

ஜூலை 9

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள் நான். 48 மணி நேரக் கோழிக்கரு ஸ்லைடை எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன்! இது மூளை, இது இதயம், இது ரத்தக்குழாய் வலை என்று பாகம் குறிக்கச் சொல்வேன். நரம்பும் ரத்தக்குழாயும் ஒன்றையொன்று கூப்பிட்டு வளர்வதைச் சொல்லித் தந்ததே இல்லை.

மூளையாகப்போகும் நரம்புக்குழலுக்குள் முதலில் ரத்தக்குழாய் கிடையாது. வெளியே சுற்றிலும் ஒரு வலை அமைகிறது. உள்ளே பெருகும் செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்ததும், அந்த வலையிலிருந்து குழாய்கள் உள்ளே புகுகின்றன. வளரும் நரம்பிழையின் நுனி விரல்விரலாய் நீண்டிருப்பதை நரம்பியல் அறிஞர் ரமோன் இ கஹால் 1890-இல் கோழிக்கருவில்தான் பார்த்தார். ரத்தக்குழாயின் நுனிச் செல்லுக்கும் அதே மாதிரி விரல்கள். எலிக்குட்டியின் விழித்திரையில் அவை வி.இ.ஜி.எஃப். இருக்கும் திசை நோக்கி நீள்வதை 2003-இல் காட்டினார்கள். நெட்ரின், செமாஃபோரின் போன்ற புரதங்கள் நரம்புக்கும் குழாய்க்கும் சேர்த்தே வழி சொல்கின்றன.

ஜூலை 16

இன்று கர்ப்பக் கணக்கில் 32 வாரம். அத்தை கேட்டார்: "புள்ளைக்குக் கண்ணு தெரியும்ல?" பதில் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கருவில் ஏறக்குறைய 15 வாரம் வரை விழித்திரைக்குச் சொந்தமாக ரத்தக்குழாயே இல்லை. பார்வை நரம்பு நுழையும் இடத்திலிருந்து முதலில் ஆஸ்ட்ரோசைட் என்ற, நரம்புகளுக்குத் துணையான செல்கள் பரவிப் பந்தல் போடுகின்றன. குழாய் அதன்மேல் கொடியாகப் படர்கிறது. நரம்புச் செல்கள் முதிர முதிர ஆக்சிஜன் போதாமல் போகிறது. அந்தப் பற்றாக்குறைதான் வி.இ.ஜி.எஃப்.பைச் சுரக்க வைத்துக் கொடியை இழுக்கிறது. மூக்குப் பக்க ஓரத்தைத் தொட 36 வாரம், காதுப் பக்க ஓரத்துக்கு 40 வாரம் ஆகும். என் மகளின் கொடி பாதி வழியில் வெளியுலகத்துக்கு வந்துவிட்டது. கருப்பைக்குள் இருந்ததைவிட இங்கே ஆக்சிஜன் அதிகம். பற்றாக்குறை தீர்ந்தால் அழைப்பு நின்றுவிடும், கொடியும் நின்றுவிடும். சில வாரம் கழித்து, குழாய் எட்டாத ஓரம் பசி தாங்காமல் அளவுக்கு மீறி அழைக்கும். அப்போது தாறுமாறாக முளைக்கும் குழாய்கள் விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடலாம்.

பாஸ்டனில் கண் மருத்துவர் டெர்ரி 1942-இல் இந்த நோயை விவரித்தார். காரணம் ஆக்சிஜனாக இருக்கலாம் என்று மெல்போர்னில் குழந்தை மருத்துவர் கேட் கேம்பல் 1951-இல் எழுதினார். அது உறுதியானபின் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தார்கள். கண் தப்பியது, பல குழந்தைகளின் உயிர் போனது. சிஸ்டர் 90-க்கும் 95-க்கும் நடுவில் எண்ணைப் பிடித்து வைத்திருப்பதை இப்போது கைகூப்பிப் பார்க்கிறேன்.

ஜூலை 30

முதல் கண் பரிசோதனை. சொட்டு மருந்து விட்டு, இமையைக் கம்பியால் விலக்கி, தலையில் விளக்கு மாட்டிய டாக்டர் லென்ஸ் வழியாகப் பார்த்தார். அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. விழித்திரையை நடுவிலிருந்து ஓரம் வரை மூன்று மண்டலமாகப் பிரிப்பார்களாம்; குழாய்கள் இரண்டாம் மண்டலம் வரை வந்திருக்கின்றன, நோய் இல்லை. ரெண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

ஆகஸ்ட் 13

வலது கண்ணில் ஒரு கோடு. குழாய் உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவில் வெள்ளையாக ஓர் எல்லை. முதல் நிலை ஆர்.ஓ.பி.; குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் அந்த விழித்திரை நோய்தான். "இது தானா சரியாக வாய்ப்பு அதிகம்மா. மோசமானா லேசர் இருக்கு. ஆனா ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டர். சாயங்காலம் அவளை நெஞ்சோடு சேர்த்துக் கங்காரு முறையில் இரண்டு மணி நேரம் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 20

கோடு அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 3

கோடு மங்கிவிட்டது. குழாய்கள் அதைக் கடந்து மூன்றாம் மண்டலத்துக்குள் போயிருக்கின்றன.

செப்டம்பர் 17

41 வாரம். இரண்டு கண்ணிலும் காதுப் பக்க ஓரம்வரை வந்துவிட்டதாம். டாக்டர் ஒவ்வொரு முறையும் வட்டம் போட்டுக் குழாய்களைப் பேனாவால் வரைவார். எல்லாத் தாள்களையும் கேட்டு வாங்கி வந்து அத்தை முன்னால் வரிசையாகப் பரப்பினேன். ஜூலைத் தாளில் நடுவழியில் நின்ற கோடுகள் கடைசித் தாளில் வட்டத்தைத் தொடுகின்றன. அத்தை அந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.