பாட்டியோட போட்டோவெல்லாம் புக்கா போட்ட கதை

எங்க குடும்ப போட்டோவ ஒரே புக்கா போட்டு முடிக்க நாலு மாசம் ஆச்சு, அதுல டிசைன் வேலை கொஞ்சந்தான், ஆளுங்க யாரு யாருன்னு கண்டுபிடிச்சதுதான் பெரிய வேலை. நாங்க மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட், பாட்டி வளந்தது பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டம், இப்ப அங்க பூரா எண்ணெய் எடுக்குற செம்பனை, தொழிலாளிங்க வரிசையா குடியிருந்த லயத்த எல்லாம் ஒடச்சிட்டாங்க, கோவில் மட்டும் நிக்குது.

பழைய ஒட்டு ஆல்பத்துல பசை மஞ்சளாயி போட்டோவ கெட்டியா புடிச்சிருந்துச்சு, இழுத்தா கிழியும். பல்லு இடுக்குல விடுற ஃபிளாஸ் நூல அடியில விட்டு மெல்ல மெல்ல அறுத்து எடுத்தேன், வராதத ஆல்பத்தோடயே ஸ்கேன் பண்ணிட்டேன். ஸ்கேன் 600 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு 600 புள்ளி) வைங்க, அப்பதான் ரெண்டு மடங்கு பெருசாக்குனாலும் அச்சுக்கு 300 கெடைக்கும். பாட்டியோட மொத போட்டோ ஐசிக்கு, அதான் அடையாள அட்டைக்கு எடுத்தது, 1948ல கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால மலாயாவுல எமர்ஜென்சி வந்தப்ப 12 வயசுக்கு மேல எல்லாருக்கும் ஐசி கட்டாயமாச்சு, தோட்டத்துக்கே வந்து புடிச்சாங்களாம், வெரல் நகம் மாதிரி அத்தனூண்டு மொகம்.

அப்புறம் தெனம் சாயங்காலம் பாட்டிகிட்ட ஒவ்வொண்ணா காட்டி, ஃபோன்ல ரெக்கார்ட் போட்டு வச்சேன். ஒரு போட்டோவுல ஆயாக்கொட்டக (தோட்டத்துல வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம்) ஆயா மட்டும் நிக்கிறாங்க, ஓரத்துல வேஸ்டா எடம் கெடக்குன்னு நான் க்ராப் பண்ணப் போனேன், பாட்டி என் கையப் புடிச்சிக்கிட்டாங்க. "இருடா, அந்த முந்தானையப் பாரு"ன்னாங்க. பெருசு பண்ணிப் பாத்தா முந்தானைய ஒரு சின்ன கை இறுக்கிப் புடிச்சிருக்கு, கறுப்புக் கயிறு கட்டுன கை, மொகம் படத்துக்குள்ள இல்ல. "உங்கப்பன்தான், நான் ரப்பர் பால்வெட்டுக்குப் போனா அவள விடவே மாட்டான்." அதுக்கப்புறம் நான் எதையுமே வெட்டல.

வருச வாரியா அடுக்க முடியல, பாதிக்கு வருசமே தெரியாது, அதனால லயம், பள்ளிக்கூடம், திருவிழா, டவுன் வீடுன்னு எடம் எடமா பிரிச்சேன். எல்லாம் சரின்னு நெனச்சு பிரிண்டுக்குக் குடுத்தா, ரெண்டு பக்கத்துக்கும் சேத்துப் போட்ட கல்யாண போட்டோவுல தாத்தா மொகம் சரியா நடு மடிப்புல போய் மாட்டிக்கிச்சு, பாட்டி தடவித் தடவிப் பாத்தாங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு. கடையில யாரும் முன்னாடியே சொல்லல. திரும்ப காசு கட்டி அந்தப் படத்த ஒத்தப் பக்கத்துல படுக்கையா போட்டேன், சின்னதா இருந்தாலும் தாத்தா முழுசா இருக்காரு. மொத்தமா அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு காப்பி எடுத்து விரிச்சுப் பாத்துருங்க.

பாட்டிக்கே பேர் ஞாபகம் வராத ஆளுங்க ரெண்டு பேரு, அவங்க படத்துக்குக் கீழ பென்சில்ல எழுத ஒரு கோடு விட்டேன். போன மாசம் கிள்ளான்லேர்ந்து வந்த அத்த ஒரு பேர எழுதிட்டுப் போனாங்க, இன்னொரு கோடு காலியாத்தான் இருக்கு.