நோயாளி ரெக்கார்டுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியபோது பட்ட பாடு

எங்கள் மருத்துவமனையின் நோயாளி ரெக்கார்டுகளைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை ஒருவழியாக முடிந்தது. ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருப்பதால் கடைசிவரை கூடவே இருந்தேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். சர்வர், நெட்வொர்க், ஊழியர்களுக்கான பயிற்சி எல்லாம் சொன்னபடி நடந்தன. பிரச்சினை முழுக்க டேட்டாவில்தான்.

முதல் இடி பழைய நிறுவனத்திடமிருந்து வந்தது. "டேட்டா உங்களோடதுதான் சார், எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்" என்று விற்கும்போது சொன்னவர்கள், கேட்டபோது அனுப்பியது ஒரு மூட்டை பிடிஎஃப். அதில் இருக்கும் சர்க்கரை அளவை நாம் கண்ணால் படிக்கலாம். மென்பொருளால் அதை எண்ணாக எடுத்துப் போன வருட அளவோடு ஒப்பிட முடியாது. சண்டை போட்ட பிறகு சி.எஸ்.வி. கோப்புகள், அதாவது மென்பொருள் படிக்கக்கூடிய அட்டவணைகள், வந்தன. ஆனால் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று விளக்கும் டேட்டா டிக்‌ஷனரி இல்லை. 'நிலை' என்ற கட்டத்தில் 1, 2, 9 என்று இருக்கிறது. 9 என்றால் டிஸ்சார்ஜா, இறப்பா, வேறு மருத்துவமனைக்கு அனுப்பியதா? போனில் கேட்டால், "அதை எழுதினவர் இப்ப எங்ககிட்ட இல்லையே" என்று கைவிரித்தார்கள். பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்து வைத்து, ஒவ்வொரு எண்ணாகப் பொருத்திப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். ஒப்பந்தம் போடும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்: வெளியேறும் நாளில் டேட்டா எந்த வடிவத்தில் வரும், டிக்‌ஷனரி உண்டா, யார் எந்த ரெக்கார்டைத் திறந்தார் என்ற ஆடிட் லாக்கும் சேர்ந்து வருமா. எங்களுக்கு லாக் வரவில்லை. தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

அடுத்தது லேப் முடிவுகள். ஒரே பரிசோதனைக்குப் பத்து விதமாகப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் லோயிங்க் (LOINC) என்ற, லேப் பரிசோதனைகளுக்கான பொதுக் குறியீட்டுக்கு மாற்றினோம்; எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனை என்றால் 4548-4, அவ்வளவுதான். பெயரைவிட அலகுதான் ஆபத்து. வெளி லேப் ஒன்று சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் கொடுத்து வந்திருக்கிறது. வெறும் வயிற்றில் லிட்டருக்கு 7.0 மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம். பழைய திரையில் அலகும் எண்ணோடு ஒட்டிய எழுத்தாக இருந்ததால் யாரும் குழம்பவில்லை. மாற்றும்போது எண்ணை மட்டும் உருவி எடுத்ததில், புதிய திரையில் '7 மில்லிகிராம்' என்று நின்றது. சர்க்கரை 7 மில்லிகிராம் என்றால் உயிருக்கே ஆபத்து. நல்லவேளை, இது சோதனைத் திரையிலேயே அகப்பட்டது.

எனக்கு இன்னும் ஆறாதது ஒவ்வாமை விவகாரம். பழைய மென்பொருளில் ஒவ்வாமைக்குத் தனிக் கட்டம் இருந்தும், அது உள்ளே எங்கோ இருந்ததால் பலர் குறிப்புப் பகுதியிலேயே எழுதிவிட்டார்கள்: "பென்சிலின் போட்டால் தடிப்பு", "அந்த ஊசி ஒத்துக்காது". புதிய நிறுவனத்தின் நிரல், தனிக் கட்டம் காலியாக இருந்த எல்லாருக்கும் 'அறிந்த ஒவ்வாமை எதுவும் இல்லை' என்று நிரப்பிவிட்டது. போன ரெக்கார்டுகளும் வந்த ரெக்கார்டுகளும் எண்ணிக்கையில் சரியாக இருந்தன. அறிக்கையில் 'வெற்றி' என்று போட்டுக் கையெழுத்துக்கு அனுப்பினார்கள்.

வார்டு சிஸ்டர் ஒருவர்தான் பிடித்தார். தனக்கு நன்றாகத் தெரிந்த நோயாளிகளைத் திரையில் ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தவர், "இந்த அம்மாவுக்குப் பென்சிலினே ஆகாதே, இங்க ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கே" என்றார். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

நிறுவனத்துக்காரர் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "கட்டம் காலியா இருந்தா வேற என்ன சார் அர்த்தம்?" என்றார். யாரும் கேட்கவில்லை என்றும் இருக்கலாம், வேறு இடத்தில் எழுதினார்கள் என்றும் இருக்கலாம். ஸ்னோமெட் சி.டி. (SNOMED CT) என்ற மருத்துவச் சொற்களுக்கான குறியீட்டுத் தொகுப்பில் பென்சிலின் ஒவ்வாமைக்கு ஒரு குறியீடு உண்டு, 'அறிந்த ஒவ்வாமை இல்லை' என்பதற்கும் தனிக் குறியீடு உண்டு. இரண்டுமே ஒருவர் விசாரித்துப் பதிவு செய்ய வேண்டிய தகவல்கள். காலிக் கட்டம் இரண்டிலும் சேராது. மூத்த மருத்துவர் ஒருவர் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் மாற்ற இசைந்தார்கள். இப்போது அந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் 'இன்னும் விசாரிக்கவில்லை' என்று வருகிறது. குறிப்புப் பகுதியில் 'அலர்ஜி', 'ஒத்து', 'தடிப்பு', 'அரிப்பு' என்று தேடி, கிடைத்ததை மருந்தாளுநர்கள் ஒவ்வொன்றாகப் படித்துக் குறியீடு போட்டார்கள். இதை நிரலிடம் விட்டுவிடாதீர்கள். "அலர்ஜி இல்லை" என்று எழுதியதும் அதே தேடலில்தான் வரும்.

ஒரே ஆளுக்கு இரண்டு ரெக்கார்டு இருந்தால் சேர்ப்பதிலும் நிதானம் வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் ஒத்தால் சேர்த்துவிடலாம் என்றார்கள் புதிய நிறுவனத்தார். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. அதே பெயர், அதே ஜனவரி 1, ஆனால் ரத்தப் பிரிவு வேறு. இரண்டு பேரின் ரெக்கார்டு ஒன்றாகிவிட்டால் எந்த வரி யாருடையது என்று பிறகு பிரிப்பது பெரும்பாடு. சந்தேகம் இருந்தால் தனித்தனியாகவே விடுங்கள்.

பாதுகாப்பில் ஒரு சங்கதி. சோதனைக்கென்று ஸ்கேன் படங்களைப் பெயர் நீக்கி அனுப்பச் சொன்னார்கள். ஸ்கேன் படங்கள் சேமிக்கப்படும் டைகாம் (DICOM) கோப்பில் நோயாளி பெயர் தனிக் கட்டத்தில் இருக்கும்; அதை அழித்தாயிற்று. அனுப்புமுன் ஒரு அல்ட்ராசவுண்டைத் திறந்து பார்த்தால், படத்தின் மேல் ஓரத்திலேயே பெயரும் வயதும் பதிந்திருந்தன. அது படத்தின் பகுதி; கட்டத்தை அழித்தால் போகாது. அந்தத் தொகுதியையே நிறுத்திவிட்டு, ஓரம் வெட்டிய படங்களை மட்டும் கொடுத்தோம்.

பேக்கப் எடுப்பதோடு நிற்காமல், வேறொரு கணினியில் மீட்டெடுத்தும் பாருங்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை (WannaCry) வைரஸ் தாக்கியபோது பிரிட்டன் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்ததை நினைவில் வைத்துத்தான் நாங்கள் ஒரு பிரதியை நெட்வொர்க்கோடு இணைக்காமல் தனியே வைத்திருக்கிறோம். பழைய மென்பொருளையும் இன்னும் மூடவில்லை. படிக்க மட்டும் அனுமதித்து வைத்திருக்கிறோம், மஞ்சள் வரி தெரியும் நோயாளி வரும்போதெல்லாம் அதைத் திறந்து சரிபார்க்கிறார்கள்.