ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வந்த குட்டி சர்வர்

அப்பா அம்மா கல்யாண வீடியோ, பிள்ளைகளின் ஆண்டு விழா எல்லாம் ஐந்தாறு பென்டிரைவில் சிதறிக் கிடந்தன. போன மாதம் அதில் ஒன்று செத்துப்போனது. மனசே ஆறவில்லை.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து வீட்டு டிவியில் பார்க்கலாம் என்று, அந்த வாரமே சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போய், ஏதோ ஆபீஸில் ஓடிய குட்டி டெஸ்க்டாப் ஒன்றை வாங்கினேன். இன்டெல் 7ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். கடைக்காரர் 6ஆம் தலைமுறையை இன்னும் மலிவாகக் காட்டினார், வேண்டாம் என்றேன். 10-பிட் ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கிய வீடியோவை, சிப்பிலேயே இருக்கும் குயிக் சிங்க் என்ற வீடியோ பகுதியே முழுசாகப் பார்த்துக்கொள்வது 7லிருந்துதான். இல்லையென்றால், டிவிக்கு ஒத்துவராத ஒரே ஒரு படத்தை மாற்றித் தரவே சிபியு மூச்சு வாங்கும். தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை.

ஹார்டு டிஸ்க் மட்டும் புதிது. பழையது வாங்குவதானால் கடையிலேயே ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவு) பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டார், அதாவது கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்களின் எண்ணிக்கை, பூஜ்யமாக இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்.

போட்டது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம், அதன்மேல் வீடியோக்களை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருள். இரண்டும் இலவசம். எம்பி (Emby) என்ற இதே மாதிரி மென்பொருள் 2018 கடைசியில் தன் மூலநிரலை மூடியபோது பிரிந்து வந்ததுதான் ஜெல்லிஃபின். சந்தா கிடையாது, நெட் போனாலும் வீட்டுக்குள் ஓடும். கம்ப்யூட்டர் சும்மா இருக்கையில் 10 வாட் என்று வைத்தால் மாதம் 7 யூனிட் சொச்சம் கரண்ட்.

வீடியோக்களின் இன்னொரு பிரதி தம்பி வீட்டில் இருக்கிறது.

நேற்று ராத்திரி அம்மா டிவியில் கல்யாணப் பந்தியைப் பார்த்துவிட்டு, "அது எங்க சித்திடா, நிறுத்து" என்றார். நாலு தடவை போட்டுக் காட்டினேன்.

தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் இன்னும் விஎச்எஸ் கேசட்டிலேயே இருக்கிறது. சென்னையில் பொறுப்பாக டிஜிட்டல் ஆக்கித் தருபவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.