எஸ்எம்மா, இன்டர்செப்டரா?

பழைய கிராண்ட் டூரர் (நெடும்பயணத்துக்கான வேகமான சொகுசுக் கார்) ஒன்று வாங்கப் போகிறேன், சிட்ரோன் எஸ்எம்மா ஜென்சன் இன்டர்செப்டரா என்று நண்பன் கேட்டான். கேட்கும்போதே ஜென்சன் பக்கம் சாய்ந்துவிட்டான் என்று தெரிந்தது.

இரண்டுமே கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகள். 1966இல் வந்த இன்டர்செப்டரை வரைந்தது இத்தாலியின் மிலன் நகரத்து டூரிங் என்ற வடிவமைப்பு நிறுவனம், கட்டியது இங்கிலாந்தின் ஜென்சன், உள்ளே அமெரிக்காவின் கிரைஸ்லர் தந்த எட்டு சிலிண்டர் இன்ஜின், 6.3 லிட்டர் வி8, பிறகு 7.2 லிட்டர். எஸ்எம் 1970இல் வந்தது. அப்போது இத்தாலியின் மசராட்டி பிரான்சின் சிட்ரோனின் கையில் இருந்ததால் அங்கிருந்து 2.7 லிட்டர் வி6 கிடைத்தது.

நண்பனுக்கு அந்த மசராட்டி இன்ஜினை நினைத்தாலே பயம். நியாயம்தான், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க வைக்கும் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பலவீனமானது, செயின் தளர்ந்து பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். ஆனால் இது ஊரறிந்த நோய், மருந்தும் ஊரறிந்தது: மேம்படுத்திய டென்ஷனர், புதுச் செயின். முன்பே செய்து ரசீதும் வைத்திருக்கும் வண்டியாகப் பார்த்து வாங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஜென்சனின் வி8 முரடு, பாகங்களும் சுலபமாகக் கிடைக்கும். பெட்ரோல் குடிப்பதைச் சொல்லவே வேண்டாம். அந்த இன்ஜினை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இந்த வண்டியைக் கொல்வது இன்ஜின் அல்ல, துரு. கதவுக்குக் கீழே ஓடும் சில், சக்கர வளைவு, அடித்தளம் என்று எங்கும் பிடிக்கும், மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். இன்ஜினை இறக்கிச் சரிசெய்யலாம், துருப்பிடித்த உடலை வெட்டி ஒட்டி முடிப்பதற்குள் வண்டியின் விலையே போய்விடும். எஸ்எம்முக்கும் துரு உண்டு, அதையும் லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஓட்டுவதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எஸ்எம்தான். ஸ்டியரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டே சுற்று, கையை விட்டால் நின்றுகொண்டிருக்கும்போதுகூடத் தானாக நடுவுக்கு வந்துவிடும். முதல் அரை மணி நேரம் பயமுறுத்தும், அப்புறம் மற்ற கார்களெல்லாம் மந்தமாகத் தெரியும். எண்ணெயும் வாயுவும் தாங்கும் சஸ்பென்ஷன் மோசமான சாலையையும் மெத்தையாக்கிவிடும்; திருப்பும் பக்கம் பார்க்கும் விளக்குகள் வேறு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, ஆனா ஜென்சனோட அந்தப் பெரிய வளைஞ்ச பின்பக்கக் கண்ணாடி இருக்கே..." என்கிறான். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.